சீனி வருத்தத்துக்கு இலவசம், ஆஸ்துமாவுக்குக் காசு: இங்கிலாந்தின் மருந்துக் கட்டணத்தில் உங்களுக்கு எந்த வழி?

இங்கிலாந்தில் சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மின் குளிசை எடுக்கும் ஒருவருக்கு அந்தக் குளிசை மட்டுமல்ல, ஹேஃபீவருக்கு (மகரந்த ஒவ்வாமைக்கு) ஜீ.பி., அதாவது குடும்ப டொக்டர், எழுதித்தரும் மூக்கு ஸ்பிரேயும் இலவசம். பாமசி வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பவர் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமாக்காரர். அவர் ஒவ்வொரு மருந்துக்கும் £9.90 கட்டுகிறார். இரண்டு பேருக்கும் நோய் ஆயுள் முழுக்க இருக்கப்போகிறது, இரண்டு பேரும் மருந்தை விட்டால் ஆஸ்பத்திரியில்தான் போய்ப் படுப்பார்கள். ஆனால் ஒருவர் கட்டுகிறார், மற்றவர் கட்டுவதில்லை.

"எனக்கு நீண்டகால வருத்தம் இருக்கிறது, மருந்து இலவசம்தானே?" என்று கேட்பவர்கள் குழம்பிப்போவது இங்கேதான். நோய் எவ்வளவு கடுமையானது என்பதை இந்த விதி பார்ப்பதே இல்லை. பட்டியலில் அந்த நோயின் பெயர் இருக்கிறதா, அதற்கான சான்றிதழ் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று இரண்டை மட்டுமே பார்க்கிறது. பெயர் இல்லையென்றால் அடுத்தது வருமானம். அதுவும் பொருந்தவில்லையென்றால் வருடத்துக்கு எத்தனை மருந்து வாங்குகிறீர்கள் என்று எண்ணிக் கணக்குப் போட வேண்டியதுதான்.

இது முழுக்க இங்கிலாந்தின் கதை. வேல்ஸ் 2007இலும், வட அயர்லாந்து 2010இலும், ஸ்கொட்லாந்து 2011இலும் மருந்துக் கட்டணத்தையே எடுத்துவிட்டன. இங்கிலாந்தில் 2024 மே 1 முதல் ஒரு மருந்துக்கு £9.90. 2025 ஏப்ரலில் அதைக் கூட்டவில்லை.

## ஒப்பீட்டுக்கு முன்: நீங்கள் ஏற்கெனவே கட்டத் தேவையில்லாதவரா?

60 வயது ஆகிவிட்டதென்றால் இந்தக் கட்டுரையை அம்மா அப்பாவுக்காக அல்ல, பிள்ளைகளுக்காகப் படியுங்கள். 60க்கு மேல் எல்லா என்.எச்.எஸ். (அரச சுகாதார சேவை) மருந்தும் இலவசம், சான்றிதழே வேண்டாம். 16 வயதுக்குக் கீழும் அப்படித்தான். 16, 17, 18 வயதில் முழுநேரம் படித்துக்கொண்டிருந்தாலும் கட்டத் தேவையில்லை.

கர்ப்பிணிகளுக்கும், குழந்தை பிறந்து 12 மாதம் ஆகாத தாய்மாருக்கும் இலவசம். ஆனால் அதற்கு மகப்பேற்றுச் சான்றிதழ் எடுத்திருக்க வேண்டும், மிட்வைஃபிடம் கேட்டால் விண்ணப்பித்துத் தருவார். கர்ப்பகாலச் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் அதுவே போதும், நோய்க்கென்று தனியாக எதுவும் எடுக்கத் தேவையில்லை.

கர்ப்பத்தடை மருந்துகளும், காசநோய்க்கும் பாலியல் தொற்றுகளுக்கும் தரும் மருந்துகளும், வார்டில் படுத்திருக்கும்போது தரும் மருந்துகளும் யாருக்குமே காசில்லை.

இங்கே இரண்டு தரப்பினர் ஏமாறுகிறார்கள். ஒன்று, பல்கலைக்கழகப் பிள்ளைகள்: 19வது பிறந்தநாளோடு சலுகை முடிந்துவிடும், படித்துக்கொண்டிருந்தாலும் சரி. இரண்டு, வேலை அல்லது படிப்பு விசாவில் வந்தவர்கள். வருடத்துக்கு £1,035, மாணவரென்றால் £776 என்று விசாவோடு சுகாதார வரி கட்டிவிட்டோமே, மருந்தும் அதில் அடக்கம் என்று நினைக்கிறார்கள். அடக்கமில்லை. ஜீ.பி.யும் ஆஸ்பத்திரியும் அடக்கம், மருந்துக் கட்டணம் மற்ற எல்லோரையும் போலத்தான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு வழிகள் இருக்கின்றன. மருத்துவ விலக்குச் சான்றிதழ், அதாவது பாமசிக்காரர் "மெடெக்ஸ்" என்று சொல்வது. குறைந்த வருமானத்தின் வழியாக வரும் விலக்கு. முன்கூட்டியே ஒரு தொகை கட்டி எடுக்கும் பிரீபேமென்ட் சான்றிதழ். கடைசியாக, ஒன்றும் எடுக்காமல் ஒவ்வொன்றாகக் கட்டுவது.

ஒவ்வொன்றையும் ஐந்து விஷயங்களில் பார்க்க வேண்டும்: யாருக்குக் கிடைக்கும், வருடச் செலவு எவ்வளவு, மருந்தைத் தவிர வேறென்ன அடங்கும், எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு காலத்துக்குச் செல்லும், எங்கே காலை வாரும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். இலவசம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டு £100 அபராதம் கட்டியவர்களில் பலர் மோசடி செய்தவர்களல்ல, சான்றிதழ் காலாவதியானதைக் கவனிக்காதவர்கள்.

| | மெடெக்ஸ் | வருமான விலக்கு | பிரீபேமென்ட் | ஒவ்வொன்றாக |
|---|---|---|---|---|
| யாருக்கு | பட்டியலில் உள்ள நோய்கள் | குறிப்பிட்ட உதவித்தொகை பெறுவோர், எச்.சி.2 (குறைந்த வருமானச் சான்றிதழ்) வைத்திருப்போர் | யாரும் வாங்கலாம் | எல்லோருக்கும் |
| செலவு | 0 | 0 | 3 மாதம் £32.05, 12 மாதம் £114.50 | ஒன்றுக்கு £9.90 |
| மருந்தைத் தவிர | எதுவுமில்லை | பல், கண் பரிசோதனை, கண்ணாடி வவுச்சர், ஆஸ்பத்திரிப் பயணச் செலவு | எதுவுமில்லை | எதுவுமில்லை |
| தொடங்கும் நாள் | படிவம் கிடைத்த நாளுக்கு ஒரு மாதம் முன்பிருந்து | தகுதி வந்த நாளிலிருந்து | ஒரு மாதம் முன்தேதியிடலாம் | பொருந்தாது |
| காலம் | 5 வருடம் அல்லது 60வது பிறந்தநாள், எது முதலில் வருகிறதோ அது | எச்.சி.2: 6 மாதம் முதல் 5 வருடம் வரை | 3 அல்லது 12 மாதம் | பொருந்தாது |
| காலை வாருமிடம் | புதுப்பிக்க மறப்பது | மாத வருமானம் ஏறி இறங்குவது | மாதத் தவணையை இடையில் நிறுத்த முடியாமை | எண்ணாமல் கட்டிக்கொண்டே போவது |

## மெடெக்ஸ்: பட்டியலில் பெயர் இருந்தால்

பட்டியல் 1968இல் எழுதப்பட்டது. ஒரு முறை நீக்கிய மருந்துக் கட்டணத்தை அந்த வருடம் அரசு திரும்பக் கொண்டுவந்தபோது, யாரை விடுவிப்பது என்று வைத்தியர்களோடு பேசி முடிவுசெய்த நோய்கள் அவை. அதன்பின் சேர்ந்தது புற்றுநோய் மட்டும், அதுவும் 2009இல். நீண்டகால நோய் உள்ள எல்லோருக்கும் விலக்குத் தரலாம் என்று பேராசிரியர் இயன் கில்மோர் தலைமையில் நடந்த ஆய்வு சொன்னது, 2010இல் அறிக்கையும் வந்தது. அதோடு சரி.

ஆகவே பட்டியலில் இன்றைய நியாயத்தைத் தேட வேண்டாம். நுரையீரலைப் பாதிக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அதில் இல்லை. 1968இல் அந்த நோயுள்ள பிள்ளைகள் பெரியவர்களாகும்வரை வாழ்வதே அரிது. இன்று வாழ்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், மருந்துக்குக் காசும் கட்டுகிறார்கள்.

பட்டியலில் உள்ளவை:

- நீரிழிவு, உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் சமாளிப்பவர்களைத் தவிர
- தைரொயிட் குறைவு, தைரொக்சின் எடுக்க வேண்டிய நிலையில்
- வலிப்பு, தொடர்ந்து வலிப்புத்தடை மருந்து தேவைப்பட்டால்
- புற்றுநோய்: அதற்கான சிகிச்சை, நோயால் வந்த பாதிப்பு, சிகிச்சையால் வந்த பாதிப்பு
- அடிசன் நோய் போன்ற அட்ரினல் சுரப்பிக் குறைவு, மாற்று ஹோர்மோன் எடுக்க வேண்டியிருந்தால்
- டயபடிஸ் இன்சிபிடஸ் உட்பட பிட்யூட்டரிக் குறைவு நோய்கள்
- பராதைரொயிட் குறைவு
- மயஸ்தீனியா கிராவிஸ்
- கொலொஸ்டமி, இலியோஸ்டமி, லரிங்கொஸ்டமி போன்ற நிரந்தரத் துவாரம், அதற்குத் தொடர்ந்து கட்டோ கருவியோ தேவைப்பட்டால்
- இன்னொருவர் துணையில்லாமல் வெளியே போக முடியாத நிலையான உடல் இயலாமை

இவ்வளவுதான். பிரஷர், கொலஸ்ட்ரோல், மாரடைப்புக்குப் பின் எடுக்கும் மருந்துகள், ஆஸ்துமா, மூட்டுவாதம், பார்கின்சன், எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்ற நரம்பு நோய்), சிறுநீரக நோய், மனநலக் கோளாறுகள் எதுவும் இதில் இல்லை.

எல்லைக்கோட்டில் நிற்பவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். சீனி வருத்தத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். டொக்டர் "சாப்பாட்டைக் குறையுங்கள், நடவுங்கள், மூன்று மாதத்தில் பார்ப்போம்" என்று அனுப்பியிருந்தால் தகுதி இல்லை. முதல் மெட்ஃபோர்மின் சீட்டு எழுதிய அன்றைக்கே தகுதி வந்துவிடுகிறது, இன்சுலின் போட வேண்டியதில்லை. சீனி வருத்தம் வருமுன் நிலையில் மெட்ஃபோர்மின் தந்திருந்தால் அது நீரிழிவு அல்ல, ஆகவே சேராது. எடை குறைத்து, குளிசை எல்லாம் நிறுத்தி, சாப்பாட்டிலேயே சமாளிக்கும் நிலைக்கு வந்துவிட்டால் நல்ல செய்திதான், ஆனால் மெடெக்ஸ் தகுதி போய்விடும். அப்போது கொலஸ்ட்ரோல் குளிசைக்கும் பிரஷர் குளிசைக்கும் திடீரென்று காசு கட்ட வேண்டிவரும் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள்.

தைரொயிட்டிலும் இப்படியொரு கோடு உண்டு. தைரொயிட் கூடுதலாகச் சுரந்து கார்பிமசோல் எடுப்பவருக்கு இலவசம் இல்லை. அதே ஆளுக்கு ரேடியோ அயடீன் கொடுத்தோ, சத்திரசிகிச்சையில் சுரப்பியை எடுத்தோ, பின்னர் தைரொக்சின் தொடங்கினால் அன்றிலிருந்து இலவசம். படிவத்தில் "மிக்ஸடீமா" என்ற பழைய பெயர் போட்டிருக்கும். அது வேறு நோயென்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

வலிப்புத்தடை மருந்தை மைக்ரேனுக்கோ நரம்பு வலிக்கோ எடுப்பவர்களுக்கும் தகுதி இல்லை. மருந்து எது என்பதல்ல, எந்த நோய்க்கு என்பதே கணக்கு. புற்றுநோயில் விதி சற்றுத் தாராளமானது. மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை முடிந்து வருடக்கணக்காக டமொக்சிஃபென் அல்லது லெட்ரசோல் எடுப்பவர்கள் இன்னும் சிகிச்சையில்தான் இருக்கிறார்கள். "எனக்குப் புற்றுநோய் முடிந்துவிட்டதே" என்று விண்ணப்பிக்காமல் விடுபவர்கள் உண்டு, அது வீண் செலவு. உடல் இயலாமையில் மட்டும் கொஞ்சம் கறார்: கால் முறிந்து பல மாதம் வீட்டில் கிடந்தாலும் அது தற்காலிகம், சேராது.

எடுக்கும் முறை. இணையத்தில் நீங்களாக விண்ணப்பிக்க முடியாது. ஜீ.பி. சேர்ஜரியில் எஃப்.பி. 92ஏ படிவம் கேளுங்கள். உங்கள் விவரத்தை நீங்கள் நிரப்ப, டொக்டரோ உங்கள் மருத்துவப் பதிவைப் பார்க்கும் அதிகாரமுள்ள சேர்ஜரி ஊழியரோ உறுதிசெய்து கையெழுத்திடுவார். அதற்கென்று அப்பொயின்ட்மென்ட் எடுத்துக் காத்திருக்கத் தேவையில்லை, வரவேற்பு மேசையில் கேட்டாலே போதும். படிவம், சான்றிதழை வழங்கும் என்.எச்.எஸ். பிசினஸ் சேர்விசஸ் அத்தோரிட்டிக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மாதம் பின்னோக்கிச் சான்றிதழ் செல்லுபடியாகும்.

நம் பெயர்கள் இங்கே கொஞ்சம் சிக்கல் தரும். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் கடைசியில், ஜீ.பி. பதிவில் அது முதலில், வங்கியில் இன்னொரு மாதிரி என்று இருக்கும். பாமசியில் இப்போது பெரும்பாலும் கணினியிலேயே விலக்கைச் சரிபார்க்கிறார்கள். ஜீ.பி. பதிவில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே படிவத்திலும் எழுதுங்கள், பிறந்த தேதியும் அதே.

மறைந்திருக்கும் செலவு. மெடெக்ஸ் மருந்துக்கு மட்டும்தான். பல் டொக்டரிடம் போய், "எனக்கு மெடிக்கல் எக்ஸெம்ப்ஷன் இருக்கிறது" என்று படிவத்தில் குறியிட்டால் அபராதக் கடிதம் வீட்டுக்கு வரும். பல் சிகிச்சைக்கு அது செல்லாது. இந்தத் தவறு மிகச் சாதாரணமாக நடக்கிறது. இன்னொன்று, ஐந்து வருடம் என்பது மறந்துபோகும் அளவுக்கு நீளம். காலாவதிக்கு முன் நினைவூட்டல் வரும்தான், ஆனால் இடையில் வீடு மாறியிருந்தால் அது பழைய முகவரிக்குப் போகும். புதுப்பித்தல் தானாக நடக்காது, மறுபடியும் படிவம், மறுபடியும் கையெழுத்து.

## வருமான விலக்கு: நோயின் பெயர் தேவையே இல்லை

இன்கம் சப்போர்ட், வருமான அடிப்படையிலான ஜே.எஸ்.ஏ. (வேலை தேடுவோருக்கானது), வருமான அடிப்படையிலான ஈ.எஸ்.ஏ. (நோயால் வேலை செய்ய முடியாதோருக்கானது), பென்ஷன் கிரெடிட்டின் காரன்டி பகுதி ஆகிய உதவித்தொகைகளில் ஒன்றைப் பெற்றால் மருந்து இலவசம். யுனிவர்சல் கிரெடிட்டில் அப்படி நேராக இல்லை, சம்பள வரம்பு உண்டு. கடைசியாக முடிந்த கணக்கு மாதத்தில் உங்கள் உழைப்பு வருமானம் £435 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். பிள்ளைக்கான தொகையோ, வேலை செய்யும் திறன் குறைவு என்ற பிரிவோ உங்கள் கிரெடிட்டில் சேர்ந்திருந்தால் வரம்பு £935. கணவன் மனைவி சேர்ந்து பெற்றால் இருவர் சம்பளமும் கூட்டிப் பார்க்கப்படும்.

பொறி இதில்தான் இருக்கிறது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவருக்கு வருடத்தில் ஒரு மாதம் இரண்டு சம்பளம் ஒரே கணக்கு மாதத்துக்குள் விழும். வாரச் சம்பளக்காரருக்கு ஐந்து சம்பள மாதங்கள் வரும். அந்த மாதம் வரம்பைத் தாண்டினால், அடுத்த கணக்கு மாதம் முழுவதும் நீங்கள் கட்ட வேண்டியவர். "போன தடவை இலவசமாகத்தானே தந்தார்கள்" என்பது பதிலாகாது. மருந்து எடுக்கப் போகுமுன் யுனிவர்சல் கிரெடிட் கணக்கில் கடைசி அறிக்கையைத் திறந்து சம்பளத் தொகையைப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

உதவித்தொகை எதுவும் வாங்காதவர்களுக்கு எச்.சி.1 விண்ணப்பம் இருக்கிறது. சேமிப்பு £16,000க்கு மேல் இருக்கக்கூடாது. குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், அதைத் தவிர உள்ள வீடு, காணி எல்லாம் சேமிப்பாகவே பார்க்கப்படும். ஊரில் காணி இருப்பவர்கள் அதை எழுதாமல் விடக்கூடாது. வருமானத்தை வாடகை, கவுன்சில் வரி, குடும்பத் தேவை என்று அவர்கள் வைத்திருக்கும் அளவோடு ஒப்பிட்டு, முழு உதவியென்றால் எச்.சி.2, பகுதி உதவியென்றால் எச்.சி.3 அனுப்புவார்கள். எச்.சி.3 மருந்துக்கு ஒன்றும் செய்யாது. பல், கண்ணாடி, பயணச் செலவுக்கு மட்டுமே உதவும். எச்.சி.3ஐப் பாமசியில் காட்டுவது இன்னொரு அபராத வழி.

அகதித் தஞ்சம் கோரி உள்துறை அமைச்சின் ஆதரவுத்தொகையில் இருப்பவர்களுக்கு எச்.சி.2 வந்துவிடும். முழுநேர மாணவர்களும், குறைந்த சம்பளத்தில் தனியாக வாடகை கட்டுபவர்களும் நமக்குக் கிடைக்காது என்று நினைத்து விண்ணப்பிக்காமலே இருக்கிறார்கள். 19 வயதைத் தாண்டிய ஆஸ்துமா மாணவருக்கு இருக்கும் ஒரே இலவச வழி பெரும்பாலும் இதுதான்.

மெடெக்ஸ் வைத்திருப்பவரும் வருமானம் குறைவென்றால் எச்.சி.1 போடத்தான் வேண்டும். மருந்து ஏற்கெனவே இலவசம் என்றாலும், பல் சிகிச்சையில் மிச்சமாவது அதைவிடப் பெரிய தொகை.

## பிரீபேமென்ட்: பட்டியலில் இல்லாதவர்களுக்கு

இது பஸ் பாஸ் மாதிரி. ஒரு தொகை கட்டிவிட்டால் அந்தக் காலத்தில் எத்தனை என்.எச்.எஸ். மருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம், என்ன நோய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு £32.05: மூன்று மாதத்தில் நான்கு மருந்து வாங்கினாலே லாபம். 12 மாதத்துக்கு £114.50: வருடத்தில் 12 மருந்து வாங்கினால் லாபம். வருடச் சான்றிதழை £11.45 வீதம் பத்துத் தவணையாக வங்கியில் கழிக்கவும் விடலாம். இணையத்திலோ தொலைபேசியிலோ பதிவுபெற்ற பாமசியிலோ வாங்கலாம்.

எண்ணும் முறையில்தான் பலர் தவறவிடுகிறார்கள். மாதம் ஒரு குளிசைதானே, இதற்குப் போய் சான்றிதழா என்று நினைப்பார்கள். ஜீ.பி.கள் பெரும்பாலும் 28 நாளுக்குத்தான் எழுதுகிறார்கள், ஆகவே வருடத்துக்கு 12 அல்ல, 13 தடவை.

| என்ன எடுக்கிறீர்கள் | வருடத்துக்கு எத்தனை | ஒவ்வொன்றாகக் கட்டினால் | வருடச் சான்றிதழ் |
|---|---|---|---|
| ஒரு பிரஷர் குளிசை, 28 நாளுக்கு | 13 | £128.70 | £114.50 |
| அதே குளிசை, 56 நாளுக்கு | 6 அல்லது 7 | £59.40 முதல் £69.30 | வேண்டாம் |
| பிரஷர், கொலஸ்ட்ரோல், 28 நாளுக்கு | 26 | £257.40 | £114.50 |
| மாரடைப்புக்குப் பின் ஐந்து மருந்து, 28 நாளுக்கு | 65 | £643.50 | £114.50 |

கடைசி வரியில் மிச்சம் £529. மாரடைப்பு வந்து வீடு திரும்பியவரிடம் இதைச் சொல்ல வார்டில் யாருக்கும் நேரமிருப்பதில்லை. குடும்பத்தில் ஒருவர் டிஸ்சார்ஜ் அன்றைக்கே எடுத்துக்கொடுத்துவிடுவது நல்லது.

எதை ஒரு மருந்தாக எண்ணுவார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே குளிசையின் இரண்டு வலிமைகளை, உதாரணமாக 25 மைக்ரோகிராமும் 100 மைக்ரோகிராமும், ஒரே சீட்டில் எழுதினால் ஒரு கட்டணம். அதே மருந்து குளிசையாகவும் திரவமாகவும் என்றால் இரண்டு. ஒரே வகை ஆஸ்துமா பம்ப் (இன்ஹேலர்) இரண்டு தந்தாலும் ஒன்று. காலில் இரத்த நாளம் புடைத்தால் போடும் இறுக்கமான காலுறை மட்டும் ஒரு காலுக்கு ஒரு கட்டணம், ஆகவே ஒரு சோடி £19.80.

தவணை முறையில் ஒரு சிக்கல்: இடையில் மருந்து நின்றுவிட்டது என்று வங்கியில் தவணையை நிறுத்தக்கூடாது, முழுத் தொகைக்கும் நீங்கள் பொறுப்பு. தவணையை நிறுத்தியபின் அந்தச் சான்றிதழைக் காட்டி மருந்து எடுத்தால் அபராதம். காலம் முடிவதையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள், மூன்று மாதச் சான்றிதழ் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

மாதவிடாய் நிற்கும் காலத்துக்கான ஹோர்மோன் சிகிச்சை மட்டும் எடுக்கும் பெண்களுக்கு 2023 ஏப்ரலிலிருந்து தனிச் சான்றிதழ் உண்டு, வருடத்துக்கு £19.80. அந்தப் பட்டியலிலுள்ள ஹோர்மோன் மருந்துகளுக்கு மட்டுமே அது. வேறு குளிசைகளும் மாதாமாதம் இருந்தால் சாதாரணப் பிரீபேமென்ட் இதையும் சேர்த்தே மூடிவிடும், இரண்டும் வாங்க வேண்டாம்.

## ஒவ்வொன்றாகக் கட்டுவது

வருடத்துக்குப் பதினொன்று அல்லது அதற்குக் கீழென்றால் இதுவே மலிவு. இரண்டு மாதத்துக்கு ஒரு குளிசை எடுப்பவர், வருடத்தில் இரண்டு மூன்று தடவை மட்டும் அன்டிபயோடிக் எடுப்பவர் சான்றிதழ் வாங்கிக் காசை விட வேண்டாம்.

செற்றிரிசின் (ஒவ்வாமைக் குளிசை), ஒரு வீத ஹைட்ரோகோட்டிசோன் (தோல் கிரீம்), பராசிட்டமோல் போன்றவற்றுக்குச் சீட்டு எழுதியிருந்தால், கட்டுமுன் பாமசிக்காரரிடம் "சீட்டில்லாமல் வாங்கினால் எவ்வளவு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் £9.90இல் ஒரு பங்குதான் இருக்கும்.

நோய் நிலையாக இருப்பவர்கள் 56 நாள் அல்லது 84 நாளுக்கு எழுதித்தர முடியுமா என்று ஜீ.பி.யிடம் கேட்கலாம். தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அடிக்கடி இரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டிய மருந்துகளுக்குத் தரவும் மாட்டார்கள். ஆஸ்துமாக்காரர்கள் வருடாந்தச் சோதனையின்போது, தடுப்பும் உடனடி நிவாரணமும் ஒரே பம்ப்பில் வரும் முறை தங்களுக்குப் பொருந்துமா என்று நர்ஸிடம் கேளுங்கள். அதை நல்ல சிகிச்சை என்றே இப்போது பரிந்துரைக்கிறார்கள், கட்டணமும் இரண்டு பம்ப்பிலிருந்து ஒன்றாகும். காசுக்காகத் தடுப்புப் பம்ப்பை விட்டுவிட்டு உடனடி நிவாரணம் தரும் நீலப் பம்ப்பை மட்டும் இழுத்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

பிரைவேட் சீட்டுக்கு மேலே சொன்ன எந்தச் சான்றிதழும் செல்லாது. எடை குறைக்கப் பிரைவேட்டாக ஊசி வாங்குபவருக்கு மெடெக்ஸ் இருந்தாலும் முழு விலைதான்.

## யாருக்கு எது

45 வயது, சீனி வருத்தம், மூன்று குளிசை, கூடவே பிரஷர்: மெடெக்ஸ். பிரஷர் மருந்தும் சேர்ந்து இலவசம். வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

38 வயது, தைரொக்சின் மட்டும்: மெடெக்ஸ். ஒரு குளிசைதானே என்று சும்மா கட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

50 வயது, முழுச் சம்பளம், மூட்டுவாதம், மாதம் நான்கு மருந்து: வருடப் பிரீபேமென்ட்.

59 வயது, பிரஷரும் கொலஸ்ட்ரோலும், பிறந்தநாளுக்கு நான்கு மாதம்: மூன்று மாதச் சான்றிதழ் ஒன்று, மீதி ஒரு மாதத்துக்கு ஒவ்வொன்றாக. வருடச் சான்றிதழ் வேண்டாம்.

20 வயது மாணவி, ஆஸ்துமா, பகுதிநேர வேலை: முதலில் எச்.சி.1. முடிவு வரும்வரை தேவையென்றால் மூன்று மாதப் பிரீபேமென்ட்.

சோதனைகள் நடந்துகொண்டிருக்கிறது, நீரிழிவா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை: மூன்று மாதம் மட்டும் வாங்குங்கள். பிரீபேமென்ட் எடுத்தபின் மெடெக்ஸ் கிடைத்துவிட்டால், எந்த மாதத்தில் தகுதி வந்தது என்பதைப் பொறுத்து முழுதாகவோ ஒரு பகுதியாகவோ காசைத் திரும்பக் கேட்கலாம். குறைவாகத்தான் மருந்து எடுத்தேன் என்ற காரணத்துக்குத் தர மாட்டார்கள்.

## சான்றிதழ் வரும்வரை கவுண்டரில் என்ன செய்வது

விண்ணப்பம் போட்டாயிற்று, இன்னும் பதில் வரவில்லை, மருந்து இன்று வேண்டும். இங்கே "எனக்கு விலக்கு இருக்கிறது" என்று கையெழுத்திடாதீர்கள். சோதனையில் சான்றிதழ் இல்லையென்று வந்தால் மருந்துக் கட்டணமும், அதன்மேல் ஐந்து மடங்கு அபராதமும், அதிகபட்சம் £100, கட்ட வேண்டும். 28 நாளில் கட்டாவிட்டால் இன்னும் £50 வரை ஏறும்.

காசைக் கட்டுங்கள், கட்டும்போதே "எஃப்.பி. 57 தாருங்கள்" என்று கேளுங்கள். அதுதான் ரசீதும் திரும்பக் கேட்கும் படிவமும். சாதாரணக் கடை ரசீது உதவாது, பிறகு போய்க் கேட்டாலும் எஃப்.பி. 57 தர மாட்டார்கள். சான்றிதழ் வந்ததும் அது தொடங்கும் தேதியைப் பாருங்கள். நீங்கள் காசு கட்டிய நாள் அதற்குள் விழுந்தால், கட்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்தப் படிவத்தோடு சான்றிதழையும் எடுத்துக்கொண்டு ஏதாவதொரு பாமசிக்குப் போனால் காசைத் திருப்பித் தருவார்கள்.